இரண்டு பொட்டலம்

"வெள்ளைப் பூ வந்தா பவித்ரா திண்டுக்கல்லுக்கு டீச்சர் ட்ரெய்னிங் போகட்டும். சிவப்பு வந்தா ஆவணியில என் மகனுக்குக் கழுத்த நீட்டணும். ஆத்தா வாக்குக்கு மேல பேச்சு கிடையாது" என்றார் கண்ணுசாமி.

"சரிண்ணே" என்றாள் தங்கை ஜக்கம்மாள், பவித்ராவின் அம்மா.

எரியோட்டுப் பக்கம் அந்த நாயக்கர் காலத்து அம்மன் கோயிலில் பூக் கேட்காமல் எந்த வீட்டிலும் கல்யாணப் பேச்சு முடிந்ததில்லை. வாழை இலையில் அரளிப் பூவை வைத்து இரண்டு பொட்டலம் கட்டி வந்தது ஜக்கம்மாள்தான். ஒன்றில் வெள்ளையும் இன்னொன்றில் சிவப்பும் வைக்க வேண்டியவள், இரண்டிலும் வெள்ளையையே வைத்திருந்தாள்.

பூசாரி அவற்றை வாங்கிக்கொண்டு கருவறைக்குள் போனார். தீபம் காட்டிவிட்டு வந்து தட்டை நீட்டினார்.

"நானே எடுக்குறேன்." கண்ணுசாமி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

ஜக்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"செத்த இரு. பூசாரி, அந்த இன்னொண்ணையும் பிரிங்க."

ஜக்கம்மாள் தட்டை மறித்துக் கை நீட்டினாள். "எதுக்குண்ணே? அதான் ஆத்தா சொல்லிருச்சுல்ல?"

"பிரிங்கன்னேன்ல!"

பூசாரி பிரித்தார். உள்ளே சிவப்பு.

கண்ணுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

"சாமி, நான் கட்டுனது..." ஜக்கம்மாள் சிவப்புப் பூவைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"உள்ள வச்சுப் பிரிச்சுப் பாத்தேன் தாயி. அத ஆத்தா காலடியில வைக்க எனக்கு மனசு வரல. வெள்ளை ஒண்ணு, சிவப்பு ஒண்ணுன்னு வேற கட்டி வச்சேன்."

"அப்ப அண்ணன் கைக்குச் சிவப்பும் வந்திருக்குமா?"

"வந்திருக்கலாம்."

அப்போதுதான் ஜக்கம்மாள் கருவறையைப் பார்த்து நிஜமாகவே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.