யானைமலையைத் தாண்டிய ராக்கெட்

"நிறுத்தாதீங்கப்பா, அடிங்க" என்றாள் சாருலதா.

நான் சைக்கிள் பம்பை அடித்துக்கொண்டிருந்தேன். மொட்டை மாடியில் நாலு செங்கல்லுக்கு நடுவே இரண்டு லிட்டர் கலர் பாட்டில் தலைகீழாக நின்றது. உள்ளே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். வாயில் தக்கை, தக்கைக்குள் டியூப் வால்வு, உச்சியில் கூம்பாக ஒரு மூக்கு, பக்கவாட்டில் மூன்று அட்டை இறக்கைகள்.

பதினெட்டு வருடமாக நியூட்டனின் மூன்றாம் விதியைக் கரும்பலகையில் மட்டுமே நடத்தி வந்தவன் நான். போன ஞாயிற்றுக்கிழமைதான் முதன்முறையாகச் செய்து காட்டினேன். வினை பாட்டிலில் நடந்தது. எதிர்வினை முழுவதும் என் வேட்டியில். அதற்கு முந்தைய ஞாயிறு, ராக்கெட் படுத்தவாக்கில் போய் என் மனைவி காயவைத்திருந்த வடகத்தில் இறங்கியது.

"இன்னிக்கும் போகலேன்னா நான் பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன்" என்றாள் சாரு.

எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் யானைமலை தெரியும். அப்பாவின் ராக்கெட் அதைத் தாண்டும் என்று ஆறாம் வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். இரண்டு வாரமாக அங்கே அவளுக்கு 'புளுகு சாரு' என்று பெயர். வைத்தவள் அடுத்த தெரு மீனா.

நாற்பதாவது அடியில் தக்கை தெறித்தது.

பாட்டில் போய்விட்டது. சத்தத்துக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டதால் என் முதல் வெற்றியை நான் பார்க்கவில்லை. சாரு பாதி பார்த்தாள். மீதியில் வெயிலில் கண் கூசியிருக்கிறது.

"காணோம்ப்பா. மேலேயே போயிருச்சு."

தண்ணீர் சிந்திய தடத்தைப் பார்த்தால் போனது பின்பக்கம். பின்பக்கம் பேயாண்டி வீடு. அவர் எல்லைக்குள் விழுந்த பந்து திரும்பி வந்ததில்லை என்பது தெருவுக்கே தெரியும். போதாததற்கு, சாக்கடைத் தண்ணீர் விஷயமாக எனக்கும் அவருக்கும் ஒரு வருடமாகப் பேச்சு இல்லை.

இறங்கிப் போனோம். பேயாண்டி வாசலில் கயிற்றுக் கட்டிலில் நெற்றியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததால்தான் தலையில் கை வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"அண்ணே, எங்க ராக்கெட் இங்கிட்டு விழுந்துச்சா?"

"இங்க ஒண்ணும் விழுகல சார்."

"நேரா இங்கதான் வந்துச்சு."

"விழுந்தா எனக்குத் தெரியாமயா போகும்?"

சாரு முன்னால் போனாள். "அப்ப எங்கிட்டுப் போச்சு மாமா? நீங்க பாத்தீங்களா?"

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பாத்தேன் தாயி. யானைமலைப் பக்கமாப் போச்சு."

"தாண்டிருச்சா?"

"தாண்டாம? அங்கிட்டு எங்கனயோதான் இறங்கியிருக்கும்."

அப்போது நான் சாருவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பேயாண்டியின் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லும் முகம். வகுப்பில் தினமும் பார்ப்பது.

"சின்னப் பிள்ளைகிட்ட பொய் சொல்லாதீங்கண்ணே. அது முப்பது மீட்டருக்கு மேல போகாது. நான் பிசிக்ஸ் வாத்தியார், கணக்குப் போட்டுத்தான் சொல்றேன்."

"போச்சுங்கறேன்."

"போகாதுங்கறேன்."

"செஞ்சது நீங்கதான சார்?"

"அதனாலதான் சொல்றேன். அந்த அழுத்தத்துக்கு அம்புட்டு தூரமெல்லாம்…"

என் சட்டை நுனியைப் பிடித்திருந்த சாருவின் கை விலகியது. ஒரு காலி பாட்டிலை மீட்பதற்காக என் ராக்கெட் உதவாது என்று நானே நிரூபித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் உறைத்தது.

"அப்பா கணக்குலதான தாயி பாத்தாரு. நான் கண்ணால பாத்தேன்" என்றார் பேயாண்டி.

"மீனாகிட்ட சொல்வீங்களா மாமா?"

"யாரு கேட்டாலும் சொல்வேன்."

"இங்கனயே இருங்க. கூட்டியாரேன்." ஓடினாள்.

"பிள்ளை போயிட்டா. இப்ப எடுங்க" என்றேன். பரீட்சை ஹாலில் பிட்டைப் பிடிக்கிற குரல்.

உள்ளேயிருந்து அவர் மனைவி இருளாயி கரண்டியோடு வந்தார். கரண்டியில் மஞ்சள் பற்று, ஆவி பறந்தது.

"கையை எடுய்யா."

எடுத்தார். புருவத்துக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது.

"வெறும் பாட்டிலுன்னு பாத்தா, மூக்குக்குள்ள களிமண்ணை வச்சுல்ல அமுக்கியிருக்கான் எவனோ பேதியில போறவன்" என்று பற்றுப் போட்டவர், அப்புறம்தான் என்னைப் பார்த்தார். "வாங்க சார். காப்பி சாப்பிடுறீகளா?"

முன்னால் பாரம் இருந்தால்தான் ராக்கெட் நேராகப் போகும் என்பது என் கணக்கு. நேராகத்தான் வந்திருக்கிறது.

"அண்ணே…" என்றேன்.

"விடுங்க சார். பிள்ளைக வருது."

சாருவோடு மீனாவும் இன்னும் இரண்டு பேரும் மூச்சிரைக்க வந்து நின்றார்கள்.

"நெத்தியில என்ன மாமா?" என்றாள் சாரு.

"வாசப்படியில இடிச்சுக்கிட்டேன் தாயி."

"ராக்கெட் நெசமாவே மலையைத் தாண்டிருச்சா?" என்றாள் மீனா.

"தாண்டிருச்சு. இந்தா, இந்த இடத்துல நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தேன்."

மீனாவுக்குத் திருப்தியில்லை. என் பக்கம் திரும்பினாள். "உண்மையா சார்?"

சாரு என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் இறக்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கல்யாணப் பத்திரிகையில் வெட்டியது. 'பசுபதி சார் குடும்பத்தார்' என்று பேனாவில் எழுதியிருந்தது பளிச்சென்று தெரிந்தது.

"தாண்டிருச்சும்மா. என் கணக்குதான் தப்பு" என்றேன்.

நாலு பேரும் மலையைப் பார்த்தார்கள். நானும் மலையைப் பார்த்தபடியே, செருப்பு நுனியால் இறக்கையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.