அக்காவுக்கு பிளஸ், தம்பிக்கு மைனஸ்

"எந்த மெஷினை எதோட வேணும்னாலும் இணைச்சுக்கோம்மா. மாடியையும் கீழையும் மட்டும் உன்னால இணைக்க முடியாது" என்றார் ரிசப்ஷனிஸ்ட்.

மாடியில் கண் டாக்டர். கீழே கண்ணாடிக் கடை. டாக்டர் அக்கா, கடைக்காரர் தம்பி. தொழில் இருவருக்கும் பொது. பேச்சுவார்த்தை மட்டும் சில நாளாக இல்லை.

கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வந்திருந்த பெண் சிரித்தாள். மாடியில் கண்ணைச் சோதிக்கும் கருவிகளையும் கீழே லென்ஸ் வெட்டும் இயந்திரத்தையும் ஒரே பாஷை பேசவைப்பது அவள் வேலை. டாக்டர் தன் திரையில் பவரைப் பதிந்தால் போதும். நடுவில் யாரும் எடுத்து எழுதாமல் அது கடைக்குப் போய்விடும்.

"அப்படி என்ன சார் சண்டை?"

"ஒரு டீச்சரம்மாவுக்குத் தப்பான கண்ணாடி போயிடுச்சு. அதைப் போட்டுக்கிட்டுப் படியிறங்கி, தடுக்கி விழப் பார்த்தாங்க. டாக்டரம்மா எல்லார் முன்னாடியும் தம்பியைக் கிழிகிழின்னு கிழிச்சிட்டாங்க. 'இன்னொரு தடவை நடந்தா கடையை வேற ஆளுக்கு விட்டுடுவேன்'னாங்க. 'நீ என்ன விடறது, நானே போறேன்'னுட்டார் இவர். இப்ப உன் கம்ப்யூட்டர் ஓடினா கடை இருக்கும். இல்லேன்னா பூட்டுதான்."

தவறு நடந்த விதம் இதுதான். சிலிண்டர் பவர், அதாவது கோணல் பார்வையைச் சரிசெய்யும் பவர், உள்ள கண்ணாடியை பிளஸ் முறையிலும் எழுதலாம், மைனஸ் முறையிலும் எழுதலாம். எண்கள் மாறும், கண்ணாடி மாறாது. படித்தவர்கள் சண்டை போட்டுக்கொள்ளும் விஷயங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். அக்கா படித்தது பிளஸ். தம்பி பழகியது மைனஸ். அக்கா எழுதி அனுப்புவதைத் தம்பி மனக்கணக்கில் மாற்றித்தான் லென்ஸ் வெட்டுவார். இத்தனை வருடம் தப்பாத கணக்கு, அன்றைக்குத் தப்பிவிட்டது.

"யாராவது ஒருத்தர் முறைக்கு மாறிக்க வேண்டியதுதானே?"

"யார் மாறறதுங்கறதுதானே சண்டையே! ஊர் உலகத்துல எல்லாரும் பிளஸ்தான்னு அக்கா கத்துவாங்க. லென்ஸ் செய்யறவன் மொத்தப் பேரும் மைனஸ்தான்னு தம்பி கத்துவார். பேஷன்ட் எல்லாம் வேடிக்கை பார்ப்பாங்க."

கம்ப்யூட்டரும் முதலில் கேட்டது அதைத்தான். பிளஸ்ஸா, மைனஸா? பங்குதாரர் இருவரும் தனித்தனியே பதில் தர வேண்டும். இரண்டு பதிலும் வரும்வரை எதையும் காட்டாது. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் இணைப்பு திறக்கும்.

அவள் டேப்லட்டோடு மாடி ஏறினாள்.

டாக்டர் ஒருவரின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "கீழ பாருங்க... இப்ப மேல... நீ சொல்லும்மா."

அவள் சொன்னாள். டாக்டரின் முகம் இறுகியது.

"கீழ கேட்டியா?"

"இன்னும் இல்ல மேடம்."

"கேக்கவே கேக்காதே. அவன் ஒரு பிடிவாதக் கழுதை."

"ரெண்டு பேரும் சொல்லணும் மேடம்."

"அப்ப நான் அமுக்கறதையேதான் அவனும் அமுக்கணும்னு சொல்லு. அவனுக்கு நான் அக்கா. கத்தினா கத்தட்டும்."

வெடுக்கென்று ஒரு அமுக்கு. அதற்குள் கண்ணைத் தாழ்த்திவிட்ட பேஷன்ட்டுக்கும் ஒரு அதட்டல். "உங்களை மேலதானே பாக்கச் சொன்னேன்?"

கீழே தம்பி ஒரு கண்ணாடியின் கோணல் காலை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"மேல என்ன அமுக்கினா?"

"எனக்கே தெரியாது சார். அவங்க அமுக்கினதையே நீங்களும் அமுக்கணும்னாங்க."

"சொல்லுவா, சொல்லுவா. சின்ன வயசுலேர்ந்து எல்லாத்துலயும் அவ சொல்றதுதான் நடக்கணும். இந்தத் தடவை நடக்காது. இங்க குடும்மா."

அவர் அமுக்கிய வேகத்தில் டேப்லட் உடையாமல் இருந்ததே பெரிய காரியம்.

கம்ப்யூட்டர் சற்று யோசித்துவிட்டு அறிவித்தது: பதில்கள் ஒத்துப்போகவில்லை. இணைப்பு நிறுத்தப்பட்டது.

"நான்தான் வந்த உடனேயே சொன்னேனே" என்றார் ரிசப்ஷனிஸ்ட். தன் பேச்சு பலித்ததில் அவருக்குச் சந்தோஷம் இல்லை.

செய்தி மாடிக்குப் போனது. டாக்டர் தடதடவென்று இறங்கி வந்தார். சண்டைக்குப் பிறகு அவர் கடை வாசலை மிதிப்பது இதுதான் முதல் தடவை.

"கெடுத்தியா? உன் பிடிவாதத்தால எல்லாத்தையும் கெடுத்தியா?"

"யாரு, நானா? நீ விட்டுக்குடுத்திருந்தா எப்பவோ ஓடியிருக்கும்!"

"நான் அமுக்கினதை அமுக்கறதுக்கு உனக்கு என்னடா கேடு?"

"உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? என்ன அமுக்கியிருப்பேன்னு எனக்குத் தெரியாதா?"

"இன்னொரு டீச்சரம்மா விழட்டும். அப்பத்தான் உனக்குப் புத்தி வரும்!"

 தம்பி மேஜையிலிருந்த கடைச் சாவியை எடுத்து அக்காவின் முன்னால் வைத்தார். டாக்டர் அதைத் தொடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "மேடம், சார், ஒரு நிமிஷம். இதை ரெண்டு பேரும் பாருங்க" என்று டேப்லட்டை நடுவில் நீட்டினாள்.

டாக்டர்: மைனஸ். கடை: பிளஸ்.

டாக்டர் ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"ஏன்டா, உனக்கு மைனஸ்தானேடா சுலபம்?"

"அது உனக்கு வராதேக்கா" என்றார் தம்பி.