எந்த ஹோட்டல்ல விடணும்?

சுற்றுலா வழிகாட்டியாக அமண்டாவுக்கு இன்று முதல் நாள். வாடிக்கையாளர் குறை சொன்னால் வேலை போய்விடும். அவளோ ரெங்கம் என்ற சிற்றூரிலிருந்து வந்தே ஒரு வாரம்தான். ஜொகூர் பாரு கடலோரத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நேற்று மனப்பாடம் செய்ததுதான்.

நல்லவேளை, வாடிக்கையாளராக வந்த குணாளன் எதைக் காட்டினாலும் வாயைப் பிளந்தார்.

"தண்ணிக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர், அண்ணே."

"அது அத்துப்படிமா. இந்தப் பக்கத்தச் சொல்லு. அந்த மீன் கடை யாரோடது?"

"லிம் அங்கிளோடது. முப்பது வருஷமா இருக்கு," என்று வாய்க்கு வந்த பெயரை அடித்துவிட்டாள். அவர் குறித்துக்கொண்டார்.

சாயங்காலம், "எந்த ஹோட்டல்ல விடணும் அண்ணே?" என்று கேட்டாள்.

எதிரே இருந்த அடுக்குமாடியைக் காட்டினார். "ஒன்பதாவது மாடி. ஆறு வருஷமா அங்கதான் இருக்கேன்."

அமண்டா தான் சொன்னதையெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தாள். விட்ட கதையெல்லாம் தெரிந்துபோயிருக்குமே.

"இருட்டோட சிங்கப்பூர் வேலைக்குப் போயி இருட்டுனப்புறம் வர்றவன்மா நான். லீவு நாள்ல தூக்கம். நாளைக்கு எனக்குப் பாத்திருக்கிற பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க, இடத்தைச் சுத்திக் காட்டணும்லா. உனக்கு அஞ்சு ஸ்டார் போட்டுட்டேன்."

அமண்டாவுக்கு மூச்சு வந்தது.

"மீன் சாப்பிட அவங்கள லிம் அங்கிள் கடைக்குத்தான் கூட்டிட்டுப் போறேன்," என்றார் குணாளன். "பேரச் சொல்லிக் கூப்பிட்டா சந்தோஷப்படுவாருல்ல?"