மகன் ஊர்க் கடிகாரம்

தையல்கடைச் சுவரில் இரண்டு கடிகாரங்கள் தொங்குகின்றன; ஒன்று இந்த ஊருக்கு, மற்றது கடல் தாண்டிப் போன மகனின் ஊருக்கு. பிற்பகல் வெயில் வெட்டுத்துணிகளின் மேல் சரிந்து கிடக்கிறது. தையல்காரர் காதில் வைத்திருக்கும் போன் இன்றும் அடித்து ஓய்கிறது. “தூங்குவான்” என்கிறார். பொத்தான் தைக்கும் மனைவி நிமிரவில்லை. “காலையில கூப்பிட்டப்ப வேலையில இருப்பான்னீங்க. ஒரு வருஷமா உங்க பிள்ளைக்குப் போன் எடுக்கற நேரம் மட்டும் வரவே மாட்டேங்குது.” அவர் சுவரை நிமிர்ந்து பார்க்கிறார். மகனின் கடிகாரத்தில் விநாடி முள் நகர முடியாமல் ஒரே இடத்தில் துடிக்கிறது. முக்காலியில் ஏறி, இந்த ஊர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி அதில் போடுகிறார். “ஏங்க, இது நின்னுபோச்சே?” “இங்க மணி பார்த்து என்ன ஆகப்போகுது?” என்றபடி மகனின் முள்ளைச் சரிசெய்கிறார். அங்கே இன்னும் விடியவில்லை.