தெளியறதுக்குள்ள

"செங்கம் யாரு? டிக்கெட் வாங்கிக்கோ, டிக்கெட்!"

எட்டாம் நம்பர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கத்தினான் மண்ணாங்கட்டி.

அவன் கண்டக்டர் இல்லை. அடி அண்ணாமலையில் சாமந்தி பயிரிடுகிறவன். முகத்தில் துணி கட்டாமல் பூச்சி மருந்து அடித்து, செடிக்கு நடுவிலேயே நுரை தள்ளி விழுந்துவிட்டான்.

பக்கத்து நிலம் அவன் அண்ணன் அர்ஜுனனுடையது. எல்லைக்கல் தகராறில் ஒன்பது வருஷமாகப் பேச்சு கிடையாது. ஆனாலும் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, ஆட்டோ பிடித்து, திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் சேர்த்தது அவர்தான்.

"புட்போர்டுல நிக்கிற பெரியவரே, உள்ள வாங்க!"

மீசையை முறுக்கிக்கொண்டு கால்மாட்டில் நின்ற அர்ஜுனன் ஓரடி முன்னால் வந்தார். வார்டே சிரித்தது.

"மூளை கலங்கிப்போச்சு, பாவம்" என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

மண்ணாங்கட்டியின் மனைவி பாஞ்சாலை, டாக்டர் சாயிரா பானுவிடம் ஓடினாள்.

"பயப்படாதீங்கம்மா. நரம்பு ஒரு ரசாயனத்தை வச்சுத்தான் உடம்புக்குச் சேதி அனுப்புது. சேதி போனதும் அது அழிஞ்சிடணும். பூச்சி மருந்து அழிய விடல. அதான் எச்சி, வேர்வை எல்லாம் ஜாஸ்தியா கொட்டுச்சு. நாங்க போடற ஊசி அந்தச் சேதியைத் தடுக்குது. உசுரு பிழைக்கும். ஆனா ரெண்டு மூணு நாளு இப்படி உளறுவாரு."

"அப்போ உளறினா நல்லதா டாக்டரம்மா?"

"மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

அதற்கப்புறம் அவன் வாயை மூடினாலே பாஞ்சாலைக்குப் பதறியது.

"என்னங்க, சும்மா இருக்கீங்க? விசில் ஊதுங்க! டிக்கெட் குடுங்க!"

பார்த்தவர்கள் இவளுக்கும் ஒரு கட்டில் போடச் சொன்னார்கள்.

நாலாம் நாள் காலை. மண்ணாங்கட்டி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பெரியவரே, அடி அண்ணாமலையில எனக்கு ஒரு அண்ணன் இருக்காரு. பார்த்தா சொல்லுங்க. எல்லைக்கல்லை அவரு பக்கம் ஒரு முழம் தள்ளி நட்டது நான்தான். தப்புதான். மன்னிச்சிடச் சொல்லுங்க."

அர்ஜுனனுக்கு மீசை துடித்தது.

"சொல்றேன்" என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர் காதில், வராந்தாவில் பாஞ்சாலையும் டாக்டரும் பேசுவது விழுந்தது.

"இன்னும் உளறிக்கிட்டேதான் இருக்காரு டாக்டரம்மா."

"உளறுறாரா? ஊசியை முந்தாநேத்தே நிறுத்தியாச்சே! இப்போ ரவுண்ட்ஸ் வந்தப்ப தேதி, கிழமை, சாமந்தி கிலோ என்ன விலைங்கற வரைக்கும் கரெக்டா சொன்னாரு. நல்லாத் தெளிஞ்சிட்டாரும்மா."

"அடப்பாவி மனுஷா! வேணும்னே நடிக்கிறியா?" பாஞ்சாலை வார்டுக்குள் பாயப் பார்த்தாள்.

அர்ஜுனன் குறுக்கே வந்து நின்றார்.

"இரும்மா. நமக்குத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. இன்னும் அரை மணி நேரம் அவன் பைத்தியமாவே இருக்கட்டும்."

"எதுக்கு மாமா?"

அர்ஜுனன் தலை குனிந்தார்.

"தெளிஞ்சவன் மூஞ்சியைப் பார்த்து எப்படிம்மா சொல்றது? அவன் தள்ளினதுக்கு முந்தின வருஷமே அந்தக் கல்லை அவன் பக்கம் ரெண்டு முழம் தள்ளி நட்டது நான்!"