கடைசிப் பக்கத்து வரி

“எட்டு நாளாச்சு. கோழி அடைகாக்கிற மாதிரி முதலாளி அந்தப் புதுப் புத்தகத்து மேலயே உட்கார்ந்திருக்காரு. இன்னைக்கும் அச்சகத்துலேர்ந்து ரெண்டு தடவை போன். பதில் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது.”

பிழை திருத்துகிற அக்கா புலம்ப, வடிவு சிரித்துவைத்தாள். பக்கங்களை வடிவமைக்கிறவள் என்பதால் ஆபீஸில் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர். முதலாளிக்கும் ஒன்று உண்டு, கொள்கை. அதை அவர் காதுபடச் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் கிடையாது.

சிறுவர்களுக்கு அறிவியல் புத்தகம் போடுகிற சின்னப் பதிப்பகம். உரிமம் வாங்கிப் பயன்படுத்துகிற மென்பொருள் எதுவும் அங்கே வாசற்படி ஏறக் கூடாது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்கிற கட்டற்ற மென்பொருள் மட்டும்தான். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் ஒரு வரி இருக்கும்: ‘இந்நூல் முழுவதும் கட்டற்ற மென்பொருளால் உருவாக்கப்பட்டது.’

அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் வடிவுக்குத் தொண்டையில் முள் சிக்கினாற்போல் இருக்கும். ஏனென்றால், அவளுக்குத் தெரிந்து அது சுத்தப் பொய்.

பத்து வருஷம் வேறு இடத்தில், விலைக்கு வாங்குகிற மென்பொருளில் பழகிய கை அவளுடையது. இங்கே சேர்ந்த புதிதில் ஒரு மாதம் முட்டி மோதிப் பார்த்தாள். ஒரு நாள் வேலை நாலு நாள் இழுத்தது. ஐந்து மணிக்கெல்லாம் மகளைக் கூப்பிடக் காப்பகத்துக்கு ஓட வேண்டும். போதும் போதும் என்றாகி, தன் சொந்த லேப்டாப்பில் பழைய மென்பொருளிலேயே முடித்து, பிடிஎஃப் ஆக்கி நீட்டிவிட்டாள்.

“நம்ம மென்பொருள்தானே?” என்று கேட்டார் கொள்கை.

“ஆமா சார்.”

அந்த ஒரு ஆமாவை நம்பி, இரண்டு வருஷத்தில் ஆறு புத்தகம் வந்துவிட்டது. அச்சாகி வரும்போது சில பக்கங்களில் வரிகள் கொஞ்சம் முன்னே பின்னே உடைந்திருக்கும். அச்சகத்துக் கோளாறு என்று விட்டுவிடுவாள். குற்றமுள்ள நெஞ்சு, எதையும் கிளறப் போவதில்லை.

“இன்னொரு சேதி தெரியுமா?” என்றாள் அக்கா. “கட்டற்ற மென்பொருள் சங்கத்துலேர்ந்து ரெண்டு பேர் மூணு மணிக்கு வர்றாங்க. நம்மள முன்மாதிரின்னு அறிவிக்கப் போறாங்களாம். அதுக்கு முன்னாடி அச்சுக்குப் போன ஃபைலையெல்லாம் திறந்து பார்ப்பாங்களாம். எதுல செஞ்சதுன்னு ஃபைலே காட்டிக்கொடுத்துருமாமே?”

உண்மைதான். பிடிஎஃப்பின் விவரத்தைத் திறந்தால், அதை உருவாக்கிய மென்பொருளின் பெயர் பளிச்சென்று நிற்கும். ஊருக்கே பக்கம் போட்டவளுக்கு இது எப்படித் தோன்றாமல் போனது?

வேலை போனால், ஐந்து மணிக்கு விடுகிற இன்னொரு ஆபீஸை எங்கே தேடுவாள்? அதைவிட, பாவம், வந்தவர்கள் முன்னால் அந்த மனுஷர் தலைகுனிந்து நிற்பாரே.

சொல்லிவிடலாம் என்று எழுந்து அவர் அறைக்குப் போனாள். சங்கத்துக்காரர்கள் அரை மணி முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“வாங்கம்மா. எங்க புத்தகத்தோட அழகெல்லாம் இவங்க கைவண்ணம்தான்” என்றார் கொள்கை. அவளுக்கு அழுகை வந்தது.

முதல் ஃபைலைத் திறந்தார்கள். கட்டற்ற மென்பொருளின் பெயர். இரண்டாவது, அதேதான். ஆறும் அப்படியே.

வந்தவர்கள் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். வடிவுக்கு அப்பாடா என்றிருந்தது. கூடவே ஒரு இளக்காரமும் எட்டிப் பார்த்தது. ஓஹோ, விஷயம் தெரிந்து பெயரை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார். கொள்கையாவது ஒன்றாவது, இவரும் நம்ம ஆள்தான்.

“சார், ரொம்ப நன்றி. பெயரை மாத்தி வச்சதை உயிர் போனாலும் வெளியே சொல்ல மாட்டேன்.”

“எந்தப் பெயரை?”

“ஃபைல்ல இருந்த பெயரைத்தான் சார். நான் ஆறையும் வேற மென்பொருள்லதான் செஞ்சேன்.”

“அது முதல் புத்தகத்துலயே தெரியும்மா. ஆனா பெயரை மட்டும் மாத்துனா, அது மோசடி இல்லையா?”

சுவரைப் பார்த்திருந்த தன் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். இடது பாதியில், போன வாரம் அவள் கொடுத்த புதுப் புத்தகத்தின் பக்கம். வலது பாதியில் அதே பக்கத்தைக் கட்டற்ற மென்பொருளில் மறுபடி முதலிலிருந்து போட்டுக்கொண்டிருந்தார். முக்கால்வாசி முடிந்திருந்தது.

“அந்த ஆறும் இப்படித்தானா சார்?”

“ஒவ்வொரு பக்கமா. கடைசிப் பக்கத்துல அப்படி ஒரு வரியைப் போட்டுட்டோமே.”

“என்னைக் கூப்பிட்டு ஒரு சத்தம் போட்டிருக்கலாமே?”

“கொள்கை என்னோடது. அதுக்காக உங்க பொண்ணு காப்பக வாசல்ல காத்துக்கிட்டு நிக்கணுமா?”

இரண்டு வருஷமாகத் தொண்டையில் கிடந்த முள் ஒருவழியாக இறங்கியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு திரையைக் காட்டினார்.

“அதை விடுங்க. இந்த மேகத்தைச் சுத்தி எழுத்து வளைஞ்சு போகுதே, இதை எப்படிப் போட்டீங்க? மூணு நாளா எனக்கு வரவே மாட்டேங்குது.”