இரண்டாவது அட்டை

இப்போதெல்லாம் யாருக்கும் எதையும் கேட்கக் கூச்சமில்லை. பேத்தி வயசு டாக்டரம்மா, முகத்துக்கு நேரே கேட்கிறாள், யாரோடெல்லாம் பழக்கம் என்று.

நான் போனது மூலத்துக்கு. நாற்பது வருஷம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவனுக்கு வேறென்ன வரும்?

ஆறு மாசமாகக் கடுப்பு, ரத்தம், சீழ். மருந்துக்கடைக்காரன் கொடுத்த களிம்பில் நாலு டியூப் தீர்ந்ததுதான் மிச்சம்.

மூலமே இல்லை என்றாள். பஞ்சுக் குச்சி விட்டு எடுத்த பரிசோதனைத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள், நான் என்னவோ படித்துக் கிழிக்கப் போகிறவன் மாதிரி. உடலுறவில் தொற்றுகிற கிருமியாம். ஆசனவாயில் தங்கி உள்ளே புண்ணாக்கியிருக்கிறதாம்.

பெண்டாட்டி போய்ப் பன்னிரண்டு வருஷமாச்சு என்றேன்.

அவள் முகம் சுளிக்கவில்லை. யாரென்று தனக்குத் தெரிய வேண்டாம், அந்த ஆளும் சாப்பிட்டால்தான் மறுபடி வராது என்று சொல்லி, ஒன்றுக்கு இரண்டாக மாத்திரை அட்டை தந்தாள்.

ஒரே ஆளோடு இருக்கிறவனுக்கு எப்படி வரும் என்று கேட்டேன்.

"அந்த ஆளுக்கு வேற யார்கிட்டருந்தாவது வந்திருக்கலாம் ஐயா" என்றாள், மெதுவாக.

படித்தவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். அட்டைகளைப் பையில் திணித்துக்கொண்டு எழுந்தேன்.

வெளியே பெஞ்சில் சம்பந்தி, என் குடையையும் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். என் மகளைக் கட்டியவனின் அப்பா. அவரும் ஒண்டிக்கட்டைதான். ஒரே கடையில் அடுத்தடுத்த மெஷின், கடைக்கு மேலே ஒரே அறை. இப்படி ஒரு சம்பந்தி யாருக்குக் கிடைக்கும் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் மெச்சுவார்கள்.

ஓர் அட்டையை அவர் கையில் வைத்தேன்.

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஏழு நாள். நீங்களும் போடணுமாம்."

ஒரு பட்டன் மாற்றுவதற்கே பத்துக் கேள்வி கேட்கிற மனுஷன். பல் தேய்த்துவிட்டு வந்தேனா என்று காலையில்கூடக் கேட்டவர்.

எதற்கு மாத்திரை என்று கேட்கவில்லை.

அங்கேயே ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டு, என் பாட்டில் தண்ணீரையே குடித்தார். மூடியைத் திருகினார். திருகி முடிந்த பிறகும் திருகிக்கொண்டே இருந்தார். தலை நிமிரவில்லை.

குடையை அவர் மடியிலேயே விட்டுவிட்டு நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

டாக்டரம்மா சொன்னதை நான் இப்போதும் நம்பவில்லை.